மிதிவண்டியில் வந்தால் மரியாதை குறையுமா?



சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜுமுஆ முடிந்து பள்ளிவாசலின் மதிலோரம் நம் மிதிவண்டியின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தோம். நன்கு அறிமுகமான இளைஞர் ஒருவர் அருகில் வந்து, பிறர் காதில் விழாதபடி கேட்டார்: "என்ன காக்கா, வண்டிய வித்துட்டியளா? ஏதும் கஷ்டமா?" அவர் கேட்டதில் ஏளனம் இல்லை, உண்மையான பரிவுதான் இருந்தது. அதனாலேயே அக்கேள்வி நெஞ்சில் தைத்தது. ஏளனம் செய்பவனுக்குப் பதில் சொல்லிவிடலாம். நாற்பது வயதைக் கடந்த ஓர் ஆண்பிள்ளை மிதிவண்டியில் வந்தால் அவன் வீட்டில் ஏதோ முறிந்துவிட்டது என்று நல்ல மனமுள்ள ஒருவரையே எண்ணவைக்கும் ஊர்ப்பழக்கத்துக்கு என்ன பதில் சொல்வது? அந்தப் பதிலைத்தான் இங்கே எழுத முற்பட்டுள்ளோம். சற்றுக் கசப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் நிலையைச் சொல்லிவிடுகிறோம். காயல்பட்டினத்திலிருந்து திருச்செந்தூருக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். நாள்தோறும் அங்கே கடைக்குச் சென்று திரும்புகிறோம். மேடு பள்ளம் இல்லாத கடற்கரைச் சாலை. ஆனால் காற்று உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் எதிர்க்காற்றில் மிதித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அது மலையேற்றத்துக்குக் குறைந்ததன்று. முன்பு சில காலம் வெறும் மிதிவண்டியில் செல்ல முயன்று, சட்டை நனைந்து, மூச்சு வாங்கிக் கடை திறக்கும் நிலை கண்டு கைவிட்டோம். இப்போது செல்வது அதே பழைய மிதிவண்டியில்தான். முன்சக்கரத்தின் நடுவே ஒரு சிறு மோட்டார், தண்டில் ஒரு பேட்டரி, இருக்கைக்குக் கீழே ஒரு கண்ட்ரோலர், மிதிப்பதை உணர்ந்து மோட்டாரை இயக்கும் ஒரு சிறு வட்டு, கைப்பிடியை அழுத்தியதும் மோட்டாரை நிறுத்தும் பிரேக். இவ்வளவே அந்த மோட்டார் கிட். நாம் மிதிக்கிறோம், அது துணை நிற்கிறது. காற்றடிக்கும் நாளும் அடிக்காத நாளும் நமக்கு ஒன்றாகிவிட்டன.

கணக்கைப் பார்ப்போம். பேட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர் மணி, அதாவது 360 வாட் மணி. முழுமையாக நிரப்ப ஒரு யூனிட்டில் பாதி கூடத் தேவையில்லை. நாமும் மிதிப்பதால் போக வர 16 கிலோமீட்டருக்கு அதில் பாதியும் செலவாவதில்லை. ஒரு யூனிட் மின்சாரம் நமக்கு ஐந்து நாள் வருகிறது. யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் ஐம்பது ரூபாயைத் தாண்டாது. இதே தொலைவைப் பெட்ரோல் வண்டியில் கடந்தபோது நாளொன்றுக்கு 35 ரூபாய் எரிந்தது. மின்சாரக் கணக்கை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது விற்பனையாளர்களின் வழக்கம், நாம் அதைச் செய்யமாட்டோம். லித்தியம் பேட்டரி தேயும் பொருள். ஐந்நூறு, அறுநூறு முறை நிரப்பிய பின் அதன் கொள்ளளவு குறையத் தொடங்கும். நமக்குப் பேட்டரி 12,000 ரூபாய் ஆனது. நான்காண்டு உழைக்கும் என்று கொண்டால் மாதம் 250 ரூபாய் அதற்கென ஒதுக்கவேண்டும். அதையும் சேர்த்தாலும் பெட்ரோல் செலவில் மூன்றில் ஒரு பங்குதான். கிட், பேட்டரி, புதுக் கம்பிகள், பிரேக் கட்டைகள் எல்லாம் சேர்த்து நாம் போட்டது 23,000 ரூபாய். கையிலிருந்த பணம், ஒருவரிடமும் கடன்படவில்லை.

நாம் சொல்ல வந்ததன் மையம் இந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது.

வட்டி ஹராம் என்பதில் நம்மிடையே இருவேறு கருத்து இல்லை. ஏழு வயதுப் பிள்ளையும் மதரஸாவில் அதைப் படித்துவிட்டு வருகிறது. அப்பிள்ளையை மதரஸாவில் கொண்டுவிடும் வண்டி எந்தப் பணத்தில் வாங்கப்பட்டது என்று மட்டும் நாம் கேட்பதில்லை. 80,000 ரூபாய் கடன், ஆண்டுக்கு 10 விழுக்காடு, மூன்றாண்டுத் தவணை என்று கடையில் சிரித்த முகத்துடன் சொல்கிறார்கள். மூன்றாண்டு வட்டி 24,000. மாதம் 2,889 ரூபாய் கட்டுகிறோம். மாதந்தோறும் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதல் நாள் அசலுக்கே இறுதிவரை வட்டி போடுகிறார்கள் என்பதால் உண்மையான விகிதம் ஏறத்தாழ 18 விழுக்காடு. இந்த 24,000 ரூபாயில் நாம் வாங்கிய கிட்டை வாங்கிவிட்டு மிச்சமும் வைத்திருக்கலாம். வண்டிக்கான வட்டி மட்டுமே இன்னொரு வண்டியின் விலை!

இதைச் சொன்னால் உடனே ஒரு சொல் வருகிறது: நிர்ப்பந்தம். "வேலைக்குப் போகவேண்டும், வேறு வழியில்லை, அல்லாஹ் மன்னிப்பான்." நிர்ப்பந்தம் என்பது மார்க்கம் அளித்த சலுகை. பசியால் சாகக் கிடப்பவனுக்கு விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்று நம் ஆலிம்கள் கற்பித்திருக்கிறார்கள். எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடைக்கு 150 சிசி வண்டியில் செல்வது அந்தப் பசியா? நாள்தோறும் தூத்துக்குடி வரை சென்றுவர வேண்டியவர் சொன்னால் கேட்டுக்கொள்வோம், அவருக்கும் பேருந்து இருக்கிறது என்றாலும். பணிக்குச் செல்லும் தொலைவு பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பவரும், ஊருக்குள்ளேயே தொழில் செய்பவரும் அச்சொல்லை எடுத்தால், அவர் மார்க்கத்தின் சலுகையைத் தம் கௌரவத்துக்காகச் செலவிடுகிறார் என்றே சொல்லவேண்டும். வேறு வழியில்லை என்பது வழி இல்லாதபோது சொல்லவேண்டியது. வழி இருக்கிறது. அதில் ஏற வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வெட்கம் எங்கே பிறக்கிறது என்பதை நம் வீட்டிலேயே கண்டோம். நம் தங்கையின் நிக்காஹ் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் கைக்கூலி ஒன்றும் வேண்டாம் என்றார்கள். ஊரே மெச்சியது. பெண்ணுக்கு வீடு கொடுப்பது நம்மூர் வழக்கம், அதை வாப்பா முன்பே கட்டிவைத்திருந்தார்கள். நிக்காஹ்வுக்கு இருபது நாள் இருக்கையில் ஒரு மாமி வந்து உம்மாவிடம், "மாப்புள சைக்கிள்லயா கடைக்குப் போவாரு? நாலு பேரு என்ன நெனப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்டது அவ்வளவே. கைக்கூலி என்ற சொல்லே அதில் இல்லை. வாப்பா உம்மாவின் காசுமாலையை அடகு வைத்து வண்டி வாங்கிக் கொடுத்தார்கள். அதற்கு வட்டி கட்டினார்கள். வாழ்நாள் முழுதும் வட்டிக்கடைப் படி மிதிக்காத மனிதர், தம் கடைசி ஐந்தாண்டுகளில் ஒவ்வொரு மாதமும் அப்படி ஏறினார்கள். மாலை மீளவில்லை. வண்டியும் இப்போது இல்லை, எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. மச்சான் நல்லவர். இந்தக் கதை முழுவதும் அவருக்குத் தெரியாது, தெரிந்தால் தாங்கமாட்டார்.

ஆகவே மிதிவண்டியைப் பற்றி நாம் பேசும்போது வெறும் போக்குவரத்தைப் பேசவில்லை. ஓர் ஆண் எதில் ஏறிச் செல்கிறான் என்பதைக் கொண்டு அவனை அளக்கும் வழக்கம் இருக்கும்வரை, அந்த அளவுகோலுக்கான விலையை ஒரு பெண்ணின் தகப்பன் எங்கோ கட்டிக்கொண்டிருப்பார்.

அடுத்து, நம் பிள்ளைகள். ரமளான் இரவுகளில் தராவீஹ் முடிந்து பள்ளியை விட்டு வெளியே வந்தால், சைலன்ஸரைக் கழற்றிய வண்டிகள் தெருவைக் கிழித்துக்கொண்டு போகின்றன. ஓட்டுபவன் எட்டாவதோ ஒன்பதாவதோ படிப்பவன். பின்னால் இருவர். அந்தத் தெருவில் நோயாளிகள் இருக்கிறார்கள், கைக்குழந்தைகள் இருக்கின்றன, நின்று வணங்குவோர் இருக்கிறார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளில் ஒன்றாகக் கற்ற சமுதாயம், இடையூறைத் தானே தவணையில் வாங்கிப் பிள்ளையின் கையில் கொடுக்கிறது. சபுரில் இருக்கும் தகப்பன் பணம் அனுப்புகிறார், உம்மா மறுக்க முடியாமல் சாவியைக் கொடுக்கிறார். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், அப்பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது. இதை எத்தனை உம்மாக்கள் அறிவார்கள்? வண்டி பெரும்பாலும் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது.

அதே வீட்டின் பின்கட்டில், பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி உப்புக்காற்றில் துருவேறிக் கிடக்கிறது. சிலர் வாங்கிய வாரத்திலேயே விற்றுவிடுகிறார்கள். நம் மகனும் வண்டி கேட்டான். பதினேழு வயது. மூன்று நாள் பேசவில்லை. நாம் அவனுடைய பள்ளி மிதிவண்டியை எடுத்து, துருவைத் தேய்த்து, சங்கிலி மாற்றி, நம் பேட்டரியை அதில் மாட்டிக் காட்டி, விரும்பினால் உனக்கும் ஒரு கிட் வாங்கித் தருகிறோம் என்றோம். ஏறத்தாழ ஒரு மாதம் அதைத் தொடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இத்தகைய கட்டுரைகளில் பிள்ளைகள் மறுநாளே மனம் மாறிவிடுவார்கள், நம் வீட்டில் அப்படி நடக்கவில்லை.

பெண்களைப் பற்றி ஒரு சொல். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றார்கள். அவர்களில் நம் சமுதாயப் பெண்களும் இருந்தார்கள், கேலிகளைக் கடந்து ஓட்டினார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து நாம் எங்கே நிற்கிறோம்? நம் பெண்கள் ஸ்கூட்டர் ஓட்டினால் வசதியான வீடு என்கிறோம், அதே பெண் மிதிவண்டியில் வந்தால் அடக்கமில்லை என்கிறோம். அடக்கம் இன்ஜின் இருந்தால் வந்துவிடுமா? ஹயா என்ற பெயரில் பேசுவது பெரும்பாலும் பணத்தைப் பற்றிய பேச்சாகவே இருக்கிறது. தாழ்ந்த தண்டுள்ள பெண்கள் மிதிவண்டி, சங்கிலியை முழுவதும் மூடும் உறை, பின்சக்கரத்தின் இருபுறமும் வலை ஆகியவை இருந்தால் புர்கா அணிந்தும் அச்சமின்றி ஓட்டலாம். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒருபக்கமாக அமர்ந்து, புர்காவின் ஓரம் சக்கரத்தில் சுற்றி விழுந்த சகோதரிகளை நாம் அறிவோம்.

மறுப்புகளுக்கு வருவோம். குடும்பத்தை ஏற்றிச் செல்ல முடியாதே என்கிறார்கள். முடியாது. மனைவியும் இரு பிள்ளைகளுமாக ஒரே வண்டியில் நால்வர் தொங்கிச் செல்வதும் முடியாது என்றுதான் சட்டம் சொல்கிறது, நாம் கேட்கிறோமா? மாதம் நான்கு முறை ஆட்டோவுக்குக் கொடுத்தாலும் தவணையை விட அது குறைவு. மழை பெய்தால் நனைவோம், பைக்கிலும் நனைந்தோம். மோட்டார் வைத்தபின் அது என்ன உடற்பயிற்சி என்று சிரிப்பவர்கள், வாசலிலிருந்து பள்ளிக்கு இருநூறு மீட்டர் பைக்கில் வருபவர்களாகவே இருப்பது விந்தை.

பேட்டரி தீப்பிடிக்கும் என்பது மட்டும் கேலிக்குரிய மறுப்பு அன்று. மலிவாகக் கட்டப்பட்ட பேட்டரிகள் தீப்பிடித்திருக்கின்றன. செல்களைக் கண்காணிக்கும் பாதுகாப்புப் பலகை இல்லாத பேட்டரியை விலை குறைவென்று வாங்கவேண்டாம். அதற்கென்று கொடுத்த சார்ஜரைத் தவிர வேறொன்றை மாட்டவேண்டாம். இஷா முடிந்து மாட்டிவிட்டு சுப்ஹு வரை உறங்கவேண்டாம். மாடிப்படிக்குக் கீழேயோ வாசற்கதவின் அருகிலோ வைத்து நிரப்பவேண்டாம், ஏதேனும் நேர்ந்தால் வெளியேறும் வழியே அடைபடும். தேய்ந்த பேட்டரியைக் குப்பையில் வீசவேண்டாம். பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் 2022இலிருந்து நடைமுறையில் உள்ளன, தயாரிப்பாளர் திரும்பப் பெறக் கடமைப்பட்டவர், விற்ற கடையில் கேளுங்கள்.

நமக்கு நேர்ந்ததையும் மறைக்கவேண்டியதில்லை. நாம் கிட் வாங்கிய இடத்தில் டார்க் ஆர்ம் தரவில்லை. அப்படி ஒன்று உண்டு என்றும் சொல்லவில்லை. மோட்டார் சக்கரத்தை ஒரு பக்கம் சுழற்றும்போது அதன் அச்சு மறுபக்கம் திரும்ப முயலும். அந்த அச்சைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டைதான் டார்க் ஆர்ம். மூன்றாம் மாதம், வீரபாண்டியன்பட்டினம் அருகே, நட்டு தளர்ந்து அச்சு ஃபோர்க்கின் பிளவுக்குள்ளேயே சுழன்று, மோட்டாருக்குள் செல்லும் ஒயர்களை முறுக்கி அறுத்தது. சக்கரம் கழன்றிருந்தால் இக்கட்டுரை இருந்திருக்காது. அல்ஹம்துலில்லாஹ், வேகம் குறைவாக இருந்தது. இறங்கிப் பார்த்து, நட்டை முடுக்கி, ஒயரைச் சுற்றிக் கட்டிவிட்டு, மிதித்துக்கொண்டே கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். பெட்ரோல் தீர்ந்த வண்டியாக இருந்திருந்தால் தள்ளிக்கொண்டு போயிருப்போம்! அன்று மாலை நம்மூர் சைக்கிள் கடைக்காரர் கைவினையாகவே இரும்புத் தகட்டில் ஒரு பட்டை அடித்துப் பொருத்திக் கொடுத்தார். எழுபது வயதை நெருங்குபவர். அவர் கடைக்கு இப்போது பள்ளிப் பிள்ளைகளைத் தவிர யாரும் வருவதில்லை. அலுமினிய ஃபோர்க்கில் முன்சக்கர மோட்டாரை மாட்டாதீர்கள், இரும்பு ஃபோர்க்தான் தாங்கும் என்பது அவர் சொன்னது. உப்புக்காற்றில் ஒயர் இணைப்புகள் பச்சை பூக்கும், மாதம் ஒருமுறை துடைத்து கிரீஸ் தடவவேண்டும் என்பது நாம் கற்றது.

நம் இளைஞர்கள் சிலர் இதிலும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஆயிரம் வாட் மோட்டாரை மிதிவண்டியில் மாட்டி, மிதிக்கட்டையைப் பெயருக்கு வைத்துக்கொண்டு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் விலக்கு அளிப்பது 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டாருக்கும், 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிடும் மிதிவண்டிக்கும்தான். அதன் எடையும் 60 கிலோவைத் தாண்டக்கூடாது. சோதனை முகமையின் சான்று உள்ளதா என்று விற்பவரிடம் கேட்டு வாங்குவதே முறை. அதைத் தாண்டியது பதிவில்லாத, காப்பீடில்லாத மோட்டார் வாகனம். அது ஒருவரை இடித்தால் அந்தக் குடும்பத்துக்குக் காப்பீட்டிலிருந்து இழப்பீடு வராது. வட்டியைத் தவிர்த்தோம் என்று மகிழ்ந்துவிட்டு ஓர் அடியானின் ஹக்கைச் சுமந்துகொண்டு நிற்பதா? மிதிவண்டியின் பிரேக் ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு வார்க்கப்பட்டதும் அன்று.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் இரண்டு கேட்கிறோம். நிக்காஹ் பதிவின்போது மஹர் எவ்வளவு என்று கேட்டு எழுதுகிறீர்கள். பெண் வீட்டிலிருந்து வண்டி வந்ததா என்றும் கேட்டு எழுதுங்கள். தடை விதிக்க முடியாவிட்டாலும் எழுத முடியும். பேரேட்டில் தம் பெயருக்கு எதிரே அது எழுதப்படுவதைப் பார்க்கும் மாப்பிள்ளை சற்று யோசிப்பார். மற்றது பைத்துல்மால். ஒரு பைக்குக்கு ஆகும் தொகையில் நான்கு தொழிலாளிகளுக்கு வட்டியில்லாக் கடனாக மோட்டார் கிட் வாங்கிக் கொடுக்கலாம். பெட்ரோலில் மிச்சமாவதைக் கொண்டே மூன்று ஆண்டுகளில் அவர்கள் திருப்பிச் செலுத்திவிட முடியும். மீன் விற்பவர், பால் கொடுப்பவர், தையற்கடையில் வேலை செய்பவர் என்று இன்றும் வேறு வழியின்றி மிதிவண்டியில் செல்பவர்கள் நம் மஹல்லாவில் இருக்கிறார்கள். முதலில் அவர்களுக்குக் கொடுங்கள். பட்டை அடிக்கும் சைக்கிள் கடைக்காரருக்கும் வேலை கிடைக்கும்.

அன்று பரிவுடன் கேட்ட இளைஞர் சென்ற வாரம் மீண்டும் வந்தார். தவணை இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருக்கிறதாம். மிதிவண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓட்டிப் பாக்கட்டுமா காக்கா?" என்று கேட்டார். சாவியைக் கொடுத்தோம். தைக்கா வரை சென்று திரும்பினார். ஜுமுஆவுக்குப் பின் அது வழக்கம்போல் மதிலோரம்தான் நிற்கும். விரும்புவோர் தாராளமாக ஓட்டிப் பார்க்கலாம். புறப்படும் முன் முன்சக்கர நட்டை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.